சொன்னவையும் சொன்ன தொனியும்: தன்வரலாற்றுச் சான்றுகளை வரலாற்று மாணவர் பயிலும் முறை குறித்துச் சில குறிப்புகள்

வரலாற்றைப் பாடமாகக் கொண்டு பல்கலைக்கழகம் புகும் எம்மவரோடு க. பொ. த. உயர்தர வகுப்பிலிருந்தே ஒரு பழக்கமும் கூட வந்துவிடுகின்றது. ‘நொக்ஸ் கூறுகின்றார்’ என எழுதி அதன் கீழ் ஒரு கோடும் இழுத்துவிட்டால், அவ்விடயம் நிறுவப்பட்டுவிட்டது என எண்ணும் பழக்கமே அது. நொக்ஸ் யாருக்குக் கூறுகின்றார், எப்பொழுது கூறுகின்றார், எத்தகைய மனநிலையில் நின்று கூறுகின்றார் என்னும் வினாக்கள் எழுவதில்லை. பரீட்சை வினாத்தாள் அவற்றைக் கேட்பதுமில்லை.

இரண்டாம் வருடத்தில் எமது கருத்தாடல் வகுப்பொன்றில் நிகழ்ந்த வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அநுராதபுரப் பகுதியில் வாழ்ந்தோர் யாவர் என்பது விவாதப்பொருள். நண்பர் ஒருவர் றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்காட்டினார். 1679 இல் தப்பியோடிவந்த நொக்ஸ் அநுராதபுரத்தை அடைந்தபோது அங்கிருந்தோர் சிங்கள மொழியை அறியாதவராய், ‘மலபார்’ மொழி பேசுவோராய் இருந்தனர் என்பதே அச்செய்தி. அக்கால ஐரோப்பியர் தமிழரை ‘மலபார்கள்’ என வழங்கியமை யாவரும் அறிந்ததே. இதனைக் கொண்டு நண்பர் மிக விரிவான முடிவுகளுக்குப் பாய்ந்தார். மற்றொரு நண்பர், அச்சத்தால் நடுங்கிக்கொண்டு ஓடிய ஓர் அந்நியனின் வாய்மொழியைச் சான்றாகக் கொள்வதா என ஒரே வீச்சில் அதனைத் தள்ளிவிட்டார். இருவரும் குரலை உயர்த்தினர். வகுப்பும் இரண்டாய்ப் பிரிந்தது. நான் எப்பக்கம் நின்றேன் என்பதை இங்கு எழுத வெட்கமாயிருக்கின்றது. வாதத்தின் வலிமையைப் பார்த்து நின்றேனல்லன், வாதித்தவரைப் பார்த்து நின்றேன்.

விரிவுரையாளர் இருவரையும் மறுக்கவில்லை. ‘அந்தப் பக்கத்தை உங்களில் எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள்?’ என்று மாத்திரம் கேட்டார். எவரும் கை உயர்த்தவில்லை. குறிப்புப் புத்தகங்களில் வந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஒரு மணித்தியாலம் வாதிட்டிருந்தோம்.

அடுத்த கிழமை அவர் அந்த அத்தியாயத்தின் பிரதிகளைத் தந்தார். அதனோடு எமக்கு அந்நியமெனத் தோன்றாத ஒரு கருவியையும் தந்தார். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புக்களை எண்ணுமிடத்துக் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவற்றையும் உறுப்புக்களாகவே கொள்கின்றது. தமிழைப் பாடமாகக் கற்போர் அகப்பாட்டு ஒன்றைக் கையில் எடுத்தவுடனே இது தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா என்று கேட்கின்றனர். தோழி தலைவனை நோக்கிச் சொல்லும் சொல்லையும், சிறைப்புறத்தே தலைவன் நிற்க அவன் கேட்கும்படி தலைவிக்குச் சொல்வதுபோலச் சொல்லும் சொல்லையும் அவர்கள் ஒன்றாகக் கருதுவதில்லை. அதே மாணவர் வரலாற்று வகுப்பிற்குள் நுழைந்ததும் இக்கேள்விகளை வாயிலிலே கழற்றி வைத்துவிடுகின்றனர். தன்வரலாறு, நாட்குறிப்பு, கடிதம் ஆகியனவும் கூற்றுக்களே. அவற்றுக்கும் கேட்போர் உளர். களனும் காலமும் உள. ‘தொனி’ என இன்று நாம் வழங்குவது, எழுதுவோன் தன் பொருளின்மீதும் தன் வாசகன்மீதும் தன்மீதும் கொண்டுள்ள மனப்பாங்கு சொற்களிற் படிந்து நிற்கும் தன்மையாகும். வடமொழி அலங்கார நூலார் கூறும் தொனிப்பொருளிலிருந்து இது சிறிது வேறுபட்டதே. எனினும் சொல்லின் நேர்ப்பொருளுக்கு அப்பாலுள்ள ஒன்றைச் செவிமடுத்தல் இரண்டிற்கும் பொது.

இக்கருவியைக் கொண்டு நொக்ஸை நோக்குவோம்.

1641 இல் இலண்டனிற் பிறந்த நொக்ஸ், தன் தந்தை தலைவராயிருந்த ‘ஆன்’ என்னும் கப்பலில் வந்தவர். 1659 இல் சோழமண்டலக் கரையில் வீசிய புயலாற் சிதைவுற்ற அக்கப்பல் பாய்மரத்தைச் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 இல் தந்தையும் மகனும் மாலுமிகள் சிலரும் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்தினுட் கொண்டுசெல்லப்பட்டனர். அப்பொழுது மகனுக்கு வயது 19. அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலால் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்தும், சிறு வியாபாரஞ் செய்தும் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்தார். 1679 ஒக்டோபரில் ஸ்ரீபன் றட்லன்ட் என்னும் தோழரோடு அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். தாய்நாடு செல்லும் கப்பலிலேயே நூலின் மூலக்குறிப்புக்களை எழுதினார்.

நூல் 1681 இல் வெளிவந்தது. ஆயின் அது நொக்ஸ் என்னும் தனியொருவரின் குரல் மாத்திரமன்று. அவருடைய உறவினரும் மதகுருவுமான ஜோன் ஸ்ரைப் அதனை ஒழுங்குபடுத்த உதவினார். றோயல் சொசைற்றியைச் சேர்ந்த விஞ்ஞானி றொபேட் ஹூக் முன்னுரை எழுதினார். நூல் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைவருக்கும் நிருவாகிகளுக்கும் அர்ப்பணிக்கப்பட்டது. ஆகவே கேட்போர் ஒருவரல்லர். கறுவாவையும் துறைமுகங்களையும் பற்றி அறிய விரும்பும் கம்பனியார் ஒருபுறம். மரம், விலங்கு, பயிர்ச்செய்கை ஆகியவற்றை முறைப்படி பதிவுசெய்ய விரும்பும் இயற்கை ஆய்வாளர் மறுபுறம். துன்பத்திற் கடவுளின் கரத்தைக் காண விரும்பும் புரட்டஸ்தாந்து வாசகர் இன்னொருபுறம். இம்மூவரையும் மனங்கொண்டு வாசிப்பின், நூலின் தொனி ஏன் பக்கத்திற்குப் பக்கம் மாறுகின்றது என்பது புலனாகும்.

நூல் நான்கு பாகங்களையுடையது. முதலாவது நாடும் அதன் விளைபொருளும் பற்றியது. இரண்டாவது மன்னனும் ஆட்சியும் பற்றியது. மூன்றாவது மக்களின் வாழ்க்கை பற்றியது. நொக்ஸின் சொந்தக் கதை நான்காவதாக, இறுதியிலேயே வருகின்றது. இவ்வைப்புமுறை நம்மை எளிதில் ஏமாற்றவல்லது. முதல் மூன்று பாகங்களையும் வாசிக்கும்போது எங்கோ உயரத்தில் நின்று நாட்டைப் பார்க்கும் ஒருவர் பேசுவது போன்ற தோற்றம் உண்டாகின்றது. உண்மையில் அம்மூன்று பாகங்களிலுமுள்ள ஒவ்வொரு செய்தியும் நான்காம் பாகத்து வாழ்க்கையிலிருந்து பெறப்பட்டதே. தொப்பி விற்கப்போன வாசல்களிற் கண்டவை, வயலிற் கேட்டவை, காவலர் சொன்னவை ஆகியனவே ‘நாட்டின் இயல்பு’, ‘மக்களின் ஒழுக்கம்’ எனத் தலைப்பிடப்பட்டுள்ளன. எனவே மாணவர் இந்நூலைக் கடைசிப் பாகத்திலிருந்து வாசிக்கத் தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. இது விரிவுரையாளர் சொன்னதன்று. நான் இருமுறை வாசித்தபின் உணர்ந்தது.

ஓர் உதாரணம் காட்டலாம். நான்காம் பாகத்திலே தந்தையின் மரணத்தை நொக்ஸ் விபரிக்கின்றார். தானும் காய்ச்சலாற் படுத்திருந்த நிலையில், உடலை அடக்கஞ் செய்ய ஊராரிடம் உதவி கேட்கின்றார். மாடு கட்டும் கயிறொன்றைக் கொடுத்து, கழுத்திற் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்லும்படியும், வேறு உதவி வேண்டுமாயிற் கூலி தரும்படியும் அவர்கள் சொன்னதாக எழுதுகின்றார். இருபது ஆண்டுகளின் பின்னர் எழுதியபோதும் அந்தக் கயிற்றை அவர் மறக்கவில்லை. இப்பகுதியை மட்டும் வாசிப்போர் கண்டி நாட்டார் ஈரமற்றவர் என்ற முடிவுக்கே வருவர். ஆனால் அதே நூலின் மூன்றாம் பாகத்தில், உயர்ந்தோரின் உடல்கள் எரிக்கப்படுவதையும் எளியோர் ஆரவாரமின்றிக் காட்டிற் புதைக்கப்படுவதையும் அவரே எவ்விதக் கசப்புமின்றிக் குறிப்பிடுகின்றார். மூன்றாம் பாகத்தை எழுதியவர் அவ்வூர் வழக்கத்தை அறிந்தவர். நான்காம் பாகத்தில் அழுபவர் அதனை அறியாத பத்தொன்பது, இருபது வயது இளைஞர். உறவினரல்லாத, குலம் தெரியாத ஓர் அந்நியனின் பிணத்தைத் தொட ஊரார் தயங்கியமைக்குத் தீட்டுப் பற்றிய எண்ணமும் காரணமாய் இருந்திருக்கலாம். இது என் ஊகமே. எவ்வாறாயினும், ஒரே மனிதரின் இரு தொனிகளையும் அருகருகே வைக்கும்போது நிகழ்ச்சி வேறுருக் கொள்கின்றது. நொக்ஸின் துயரம் இதனாற் பொய்யாகிவிடவில்லை. அது துயரம் பற்றிய சான்றாக நிற்கின்றது. ஊராரின் குணம் பற்றிய சான்றாக நிற்கவில்லை.

இன்னொன்று: நெல்லைக் கடன்கொடுத்து நூற்றுக்கு 50 வீதம் இலாபம் பெறும் வழக்கத்தைக் கூறுமிடத்து நொக்ஸின் குரலிற் கைதியின் புலம்பல் அறவே இல்லை. நல்ல தொழிலைக் கண்டுகொண்ட ஒருவரின் நிறைவே தென்படுகின்றது. மன்னனைப் பற்றிய இரண்டாம் பாகத்திலோ கொடுங்கோன்மை என்ற குற்றச்சாட்டுத் தொடர்ந்து ஒலிக்கின்றது. சிறையிட்டவனைப் பற்றிச் சிறைப்பட்டவன் எழுதும்போது இது இயல்பே. ஆயினும் 1664 இல் இராஜசிங்கனுக்கு எதிராக எழுந்த கலகத்தைப் பற்றி எழுதும்போது கலகக்காரருக்கு அவர் முழு ஆதரவு காட்டுவதாகவும் தெரியவில்லை. ஆட்சி மாறினாற் கைதிகளின் நிலை என்னாகும் என்ற கவலையே மேலோங்கி நிற்கின்றது.

இனி அநுராதபுரத்திற்கு வருவோம். அங்கு அவரும் றட்லன்டும் வியாபாரிகள்போல நடித்து, காயவைத்த இறைச்சி வாங்க வந்ததாகக் கூறிச் சில நாள்கள் தங்குகின்றனர். அவர்களுடைய கவலையெல்லாம் பிடிபடாமற் செல்வதே. ஊரார் தம் பேச்சை விளங்கிக்கொள்ளவில்லை என்பது அங்கே ஒரு சமூகவியற் செய்தியாகக் கூறப்படவில்லை. இடையே வந்த ஓர் இடையூறாகவே, போகிறபோக்கிற் கூறப்படுகின்றது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் புளொக், இறந்தபின் 1949 இல் வெளிவந்த தம் நூலிலே, சாட்சி சொல்லவேண்டும் என்ற நோக்கத்துடன் எழுதப்பட்டவற்றையும் தம்மையறியாமலே சாட்சியாகிவிடுபவற்றையும் பிரித்து நோக்குகின்றார். நொக்ஸின் இச்செய்தி பிந்திய வகையைச் சேர்ந்தது. எதையும் நிறுவும் ஆர்வம் அங்கில்லை. ஆகவே அது நம்பத்தக்கது. அச்சத்தால் எழுதினார் என்று அதைத் தள்ளிய நண்பர் இவ்வகையில் தவறினார். அச்சம் கொண்டவன் எதிரியின் தொகையை மிகைப்படுத்தக்கூடும். தன் பேச்சு எதிரே நிற்பவனுக்கு விளங்கவில்லை என்பதை மிகைப்படுத்த அவனுக்குத் தேவையில்லை.

ஆனால் முதலாவது நண்பரும் தவறினார். அச்செய்தி 1679 ஆம் ஆண்டில், தப்பியோடிய இருவர் சென்ற வழியில், அவர்கள் சந்தித்த சிலரைப் பற்றியது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளைப் பற்றியோ, அவர்கள் காணாத ஊர்களைப் பற்றியோ அதனைக் கொண்டு எதையும் சொல்லமுடியாது. களனும் காலமும் அதன் எல்லைகள். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டபின் நண்பர்கள் இருவரும் சமாதானமாயினர் என எழுத எனக்கு ஆசைதான். உண்மையில் அவர்கள் அடுத்த கிழமையும் வாதிட்டனர். ஆனால் இம்முறை இருவர் கையிலும் புத்தகம் இருந்தது.

நொக்ஸை விட்டு நகருமுன் ஒரு சொல். விடுதலைக்காக இருபதாண்டு ஏங்கியவர் என்பதால் அவரை விடுதலை உணர்வின் திருவுருவாகக் காட்டும் கட்டுரைகளும் உள்ளன. தாய்நாடு மீண்ட சில ஆண்டுகளில், 1684 இல், அவர் கம்பனியின் கப்பலொன்றுக்குத் தலைவராகி, சென் ஹெலினாத் தீவுக்கு அடிமைகளை வாங்குவதற்காக மடகஸ்காருக்குச் சென்றார். தன் சிறைவாசத்தைப் பற்றிய துயரத் தொனியிலிருந்து பிறரின் சிறைவாசத்தைப் பற்றிய கருத்தை உய்த்துணர முனைதல் எத்துணை ஆபத்தானது என்பதற்கு இது போதும்.

ஒரு மனிதர், ஒரு நூல், பல தொனிகள் என்பது நொக்ஸின் நிலை. லெனாட் வூல்பின் நிலை இதனினும் செழுமையானது. அவரிடம் ஒரே காலப்பகுதியைப் பற்றிய பலவகை எழுத்துக்கள் உள்ளன. 1904 இறுதியில் இலங்கைக் குடியியற் சேவையில் இணைந்து கொழும்பு வந்த இவர், 1905 தொடக்கம் யாழ்ப்பாணக் கச்சேரியிலும், 1907 இல் கண்டியிலும், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவும் கடமையாற்றினார். கேம்பிறிஜ் நண்பரான லிற்றன் ஸ்ரேச்சிக்கு அவர் எழுதிய கடிதங்கள் உள்ளன. அம்பாந்தோட்டையில் எழுதிய உத்தியோக நாட்குறிப்பு உள்ளது. 1913 இல் வெளிவந்த ‘காட்டினுள் ஒரு கிராமம்’ என்னும் நாவல் உள்ளது. 1961 இல், எண்பது வயதில் வெளியிட்ட தன்வரலாற்றின் இரண்டாம் பாகமும் உள்ளது.

கடிதங்களில் வெறுப்பும் விரக்தியும் மேலோங்கி நிற்கின்றன. தற்கொலை எண்ணம் வரையிலும் அவை செல்கின்றன. ஆட்சியாளர், ஆளப்பட்டோர், வெயில், தூசி யாவும் சாடப்படுகின்றன. இதனை மாத்திரம் வாசிப்பவர் வூல்ப் யாழ்ப்பாணத்தை வெறுத்தார் என்று எழுதிவிடுவர். ஆனால் கேட்போர் யாவர்? ஏளனத்தையே நட்பின் மொழியாகக் கொண்ட ஒரு சிறு கேம்பிறிஜ் வட்டத்தினர். அவர்கள் முன் மகிழ்ச்சியை ஒப்புக்கொள்வதே கூச்சமாக இருந்திருக்கும். நாட்குறிப்போ மேலதிகாரிகள் வாசிப்பதற்காக எழுதப்பட்டது. வீதிகள், உப்பு, குளங்கள், மாடுகள், வழக்குகள் என அது நிரலாகச் செல்கின்றது. 1909 இல் அம்மாவட்டத்திற் பரவிய மாட்டுக் கொள்ளைநோயின்போது மாடுகளைக் கட்டிவைக்கும்படி அவர் கட்டளையிட்டதும், நோயுற்றுத் திரிந்தவற்றைச் சுட்டதும், மக்களின் பகையைத் தேடிக்கொண்டதும் அங்கே வேலைப் பதிவுகளாகவே நிற்கின்றன. அதே வரண்ட காட்டுப்புறத்து வாழ்க்கை நாவலில் வரும்போது ஆங்கில அதிகாரி ஓரத்திற்குப் போய்விடுகின்றார். கிராமத்தவரே நடுவில் நிற்கின்றனர். உத்தியோக உடுப்பைக் கழற்றியபின்பே அவருக்கு அக்குரல் வாய்த்தது.

தன்வரலாற்றின் தொனி வேறு. அமைதி, தன்னைத் தானே விலகி நின்று நோக்கும் கண், இடையிடையே ஒரு மெல்லிய நகைப்பு. முன்னுரையிலேயே, உண்மை முழுவதையும் சொல்ல முயன்றதாகவும் அதில் வெற்றிபெறவில்லை எனவும் அவர் ஒப்புக்கொள்கின்றார். இவ்வொப்புதல் வாசகனின் நம்பிக்கையை வெல்லும் உபாயமும் ஆகும் என்பதை மறந்துவிடக்கூடாது. பணிவான குரலுடைய சாட்சியையே நாம் விரைவில் நம்பிவிடுகின்றோம்.

யாழ்ப்பாணத்து வாசகர் அறிந்திருக்கவேண்டிய நிகழ்ச்சி ஒன்று அந்நூலில் உண்டு. யாழ்ப்பாண நகரின் பிரதான வீதியிலே குதிரைமீது சென்ற வூல்ப், தெரிந்த தமிழ் வழக்கறிஞர் ஒருவரின் முகத்திற் சவுக்கால் வேண்டுமென்றே அடித்தார் என்று தமிழர் சங்கத்தினர் அரசாங்கத்திற்கு முறையிட்டனர். விளக்கம் கோரப்பட்டது. வீதிக்குள் நீட்டிக் கட்டப்பட்ட விறாந்தை ஒன்றைச் சவுக்கால் சுட்டிக்காட்டியதாகவும், குதிரை நிலைகொள்ளாது திரும்பியதாகவும், அவ்வேளை வழக்கறிஞரின் வண்டி கடந்துசென்றிருக்கலாம் எனவும், எவரையும் தாம் அடிக்கவில்லை எனவும் வூல்ப் கூறுகின்றார். இவ்வளவில் அது ஓர் அதிகாரியின் வழமையான மறுப்பே. ஆனால் அவர் அங்கு நிற்கவில்லை. அந்த முறைப்பாடு தம்மைப் புண்படுத்தியதையும், பின்னர் ஓர் ஐயத்தை விதைத்ததையும் எழுதுகின்றார். அடி விழவில்லையாயினும், பிறருடைய ஊரின் நடுவீதியில் அவ்வாறு குதிரைமேல் இறுமாந்து அமர்ந்திருந்ததே முகத்தில் அறைந்ததற்கு ஒப்பாகாதா என்பது அவ்வையத்தின் சாரம்.

இப்பகுதியை வகுப்பில் வாசித்தபோது பலரும் நெகிழ்ந்தனர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி இவ்வாறு எழுதினாரே என்ற வியப்பு எமக்கு. விரிவுரையாளர் அந்த நெகிழ்ச்சியைக் குலைக்கும் கேள்வி ஒன்றைக் கேட்டார். இது இருபத்தைந்து வயது வூல்பின் ஐயமா, எண்பது வயது வூல்பின் ஐயமா? இடையில் நிகழ்ந்தவை பல. 1912 இல் அவர் பதவி துறந்தார். ஆபிரிக்காவில் ஏகாதிபத்தியமும் வணிகமும் பற்றி 1920 இல் நூல் எழுதினார். தொழிற் கட்சியின் ஏகாதிபத்திய விவகார ஆலோசனைக் குழுவிற் பல்லாண்டு உழைத்தார். 1938 இல் இலங்கைக்குச் சுவிற்சர்லாந்தை ஒத்த கூட்டாட்சி முறையைப் பரிசீலிக்கலாம் எனவும் எழுதினார். (இவ்வொரு செய்திக்காகவே வூல்பின் பெயரை அறிந்தோர் நம்மிடையே பலர்.) சாம்ராச்சியம் கலைந்தபின், 1960 இல், மீண்டும் இலங்கைக்கு வந்து அன்பாக வரவேற்கப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த நூலிற் குதிரைமேலிருக்கும் இளைஞனைப் பார்ப்பவர் வேறொரு மனிதர். ஐயம் அன்றே எழுந்திருக்கலாம். ஆயின் அதனைச் சொல்லும் மொழி பின்னர் வந்தது. தன்வரலாற்றில் எப்போதும் ‘நான்’கள் இருவர் உளர் என்பதை, குறிப்புப் புத்தகத்தில் எத்தனை பக்கம் எழுதிக் கொடுத்தாலும் மாணவனுக்கு உணர்த்தமுடியாது. இத்தகைய ஒரு பக்கத்தை அவன் கையிற் கொடுத்து, எந்த வாக்கியத்தில் இளைஞன் பேசுகின்றான், எந்த வாக்கியத்தில் முதியவர் பேசுகின்றார் எனக் கோடிடச் சொன்னாற் போதும். எமது வகுப்பில் அவ்வாறு செய்தோம். எந்த இருவருடைய கோடுகளும் ஒத்திருக்கவில்லை. எங்கெங்கு ஒத்துவரவில்லையோ அங்கெல்லாம் பேசுவதற்கு விடயம் இருந்தது.

இன்னொரு குறையும் உண்டு. அன்று வண்டியிற் சென்ற வழக்கறிஞரின் கூற்று வூல்பின் பக்கத்தில் இல்லை. அவர் கண்டது என்ன? முறையிட்டோர் எத்தகைய சினத்தோடு கூடினர்? அவற்றை வூல்பின் வாயாலேயே நாம் கேட்கின்றோம். உதயதாரகை, இந்து சாதனம் முதலிய யாழ்ப்பாணப் பத்திரிகைகள் அக்காலத்தில் வெளிவந்துகொண்டிருந்தன. சங்கங்களும் கூட்டக் குறிப்புக்களை எழுதி வைத்தன. ஆளப்பட்டோரின் குரலை அத்தகைய தாள்களிலேதான் தேடவேண்டும். ஆளுவோரின் கடிதங்கள் இலண்டனிலும் கேம்பிறிஜிலும் பேணப்பட்டு, பதிப்பிக்கவும் படுகின்றன. நமது பக்கத்துத் தாள்களுக்கு நேர்ந்த கதி வேறு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சாம்பலானவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பர். பிற பிரதியில்லாத ஏடுகளும் கையெழுத்துப்படிகளும் அவற்றுள் அடங்கின. எனவே ஆளுவோர் எழுதிய பக்கத்தின் தொனியினூடாக, அங்கே பேசாது நிற்பவரையும் உய்த்தறியும் பயிற்சி நமக்கு ஓர் இலக்கிய அலங்காரமன்று. பல இடங்களில் அதுவே எஞ்சியுள்ள வழி.

எமது பயிற்சியின் இறுதிப் பகுதி எவரும் எதிர்பாராதது. விடுமுறையில் அவரவர் வீட்டில் மூத்தவர் ஒருவரின் வாய்மொழி வரலாற்றைக் கேட்டு எழுதி, அதன் தொனியைப் பகுப்பாய்வு செய்து வரவேண்டும் என்பது பணிப்பு. நான் அம்மம்மாவிடம் கேட்டேன். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் யாவரும் மழையில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்த இரவைப் பற்றிச் சொன்னார். கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டதை, அது படலை வரை பின்னால் வந்ததை, திறப்பை எங்கே வைத்தார் என்பதை, கொண்டுசென்ற பாத்திரங்கள் இத்தனை என்பதை எல்லாம் மிக நிதானமாக அடுக்கினார். அம்மப்பா சாவகச்சேரியில் மூன்றாவது மாதம் மருந்தின்றி இறந்ததை ஒரே வாக்கியத்தில், நாளை மாத்திரம் சொல்லிக் கடந்தார். பின்னர் மீண்டும் மாட்டைப் பற்றிப் பேசினார்.

நான் பக்கத்தின் அடியில் ‘உணர்ச்சியற்ற தொனி, பொருட்களின் பட்டியலாக அமைந்துள்ளது’ என எழுதிக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது அவ்வரிக்கு எதிரே ஓரத்தில் ஒரு சொல் மாத்திரம் சிவப்பு மையில் இருந்தது: ‘எச்சம்?’

செய்யுளியல் கூறும் எச்சமாவது சொல்லாலோ குறிப்பாலோ நிறைத்துக்கொள்ளுமாறு விடப்படுவது. நொக்ஸின் கயிற்றைக் கண்டுகொண்ட எனக்கு என் வீட்டு மாடு தெரியவில்லை. நூலகத்தில் இருந்துகொண்டு மூன்று நூற்றாண்டுக்கு முந்திய அந்நியனின் துயரத்தை அளந்தவன், எதிரே இருந்து பேசிய கிழவியின் பேச்சைப் பாத்திரப் பட்டியல் என்று எழுதியிருக்கின்றேன்.

அடுத்த விடுமுறையில் எழுதியதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மப்பாவைப் பற்றிய வாக்கியம் வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டைக் கறுப்பு என்று எழுதியிருந்தேன். ‘கறுப்பு இல்லைப் பிள்ளை, செவலை. அதின்ரை நெத்தியிலை ஒரு சுட்டி இருந்தது. நான் எல்லோ அவிட்டு விட்டனான்’ என்றார். அதைத் திருத்திக்கொண்டேன். ‘உணர்ச்சியற்ற’ என்ற சொல்லையும் வெட்டிவிட்டேன். அவ்விடத்தில் எழுதவேண்டிய சொல்லை இன்னும் எழுதவில்லை.